வீட்டுக் கம்ப்யூட்டரில் திருடன் புகுந்தால்

கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு அன்றைய பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வழக்கம் நம் வியாபாரிகள் பலருக்கும் உண்டு. கடையில் அதற்கு இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. மிளகாய் நெடியிலும் மாவுத் தூசியிலும் கம்ப்யூட்டர் நிலைப்பதும் இல்லை. ஆகவே நமது பாக்கிப் பேரேடு, கொள்முதல் கணக்கு, ஜி.எஸ்.டி. விவரம், பாங்கி வரவு செலவு எல்லாம் பிள்ளைகள் பாடம் படிக்கிற, விளையாடுகிற, சினிமா பார்க்கிற அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. கல்லாப் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுப்பதற்குச் சமமான காரியம் இது. எனக்கே பட்ட பிறகுதான் உறைத்தது. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

தம்பி மகன் கல்லூரியில் படிக்கிறான். விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு விளையாட்டை எங்கிருந்தோ இலவசமாக இறக்கியிருக்கிறான். அதை ஏற்றும்போது வைரஸ் தடுப்பானை நிறுத்திவிடும்படி அதிலேயே ஒரு குறிப்பு இருந்ததாம், அவனும் நிறுத்தினான். வீட்டுக்கு வருகிற முன்பின் தெரியாத ஆள் ‘முதலில் நாயைக் கட்டிப் போடுங்கள்’ என்றால் நாம் சந்தேகப்படுவோம். கம்ப்யூட்டரில் மட்டும் ஏனோ படுவதில்லை. விளையாட்டும் நன்றாகவே ஓடியது. கூடவே வேறொன்று வந்து உட்கார்ந்தது யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, 20 ஆண்டுகளாக எங்களிடம் துவரம் பருப்பு எடுக்கும் வெளியூர் வியாபாரி ஒருவர் போன் செய்தார். “அண்ணாச்சி, போன திங்கட்கிழமையே உங்க புதுக் கணக்குல 84,000 போட்டுட்டேன். வந்துட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே?” என்றார். எனக்கு எந்தப் புதுக் கணக்கும் இல்லை. விசாரித்தால், என் ஈமெயிலிலிருந்தே அவருக்குக் கடிதம் போயிருக்கிறது. தணிக்கை காரணமாக எங்கள் பாங்கிக் கணக்கு மாறியிருப்பதாகவும், நிலுவையை இனி இந்தக் கணக்கில் கட்டும்படியும் அதில் எழுதியிருந்தது. பழைய பில்லின் நகலும் சேர்த்து வைத்திருந்தான். கடைப் பெயர், ஜி.எஸ்.டி. எண், பில் நம்பர், தொகை எல்லாம் சரி. கணக்கு எண் மட்டும் யாருடையதோ.

பதறிப்போய் நான் செய்த முதல் காரியம்தான் பெரிய தவறு. அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றினேன். உள்ளே இருந்தவன் புதிய பாஸ்வேர்டையும் எடுத்துக்கொண்டான். மறுநாள் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு அதே மாதிரிக் கடிதம் போனது. நல்ல வேளையாக அவர்கள் போனில் கேட்டுவிட்டார்கள்.

அந்த 84,000 ரூபாய் யாருடைய நஷ்டம்? “உங்க ஈமெயில்ல இருந்துதானே வந்தது” என்றார் அவர். “ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே” என்றேன் நான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் ஒரு வாரம் பேச்சு தீரவில்லை. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டோம். இப்போதும் அவர் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் பணம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் போன் செய்து, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சொல்லச் சொல்கிறார். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

குறும்பு வியாபாரமான கதை

கம்ப்யூட்டர் வைரஸ் ஆரம்பத்தில் இப்படிப் பணம் பறிக்கும் தொழிலாக இருக்கவில்லை. 1986இல் ஃபிளாப்பி மூலம் பரவிய ‘பிரெய்ன்’ என்ற வைரஸை எழுதியவர்கள் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இரு சகோதரர்கள். தங்கள் கடை விலாசத்தையும் போன் நம்பரையும் அவர்களே அதற்குள் எழுதி வைத்திருந்தார்கள்! 1999 ஏப்ரல் 26 அன்று ‘செர்னோபில்’ வைரஸ் ஏராளமான கம்ப்யூட்டர்களின் ஹார்டு டிஸ்க்கை அழித்தது. எழுதியவனுக்கு அதனால் ஒரு காசு லாபம் இல்லை. 2017 மே 12இல் வந்த ‘வான்னாகிரை’ அப்படியல்ல. சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்னதாக, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை ஏற்றிக்கொண்டவர்கள் அந்த ஓட்டை வழியாக வந்த தாக்குதலுக்குத் தப்பினார்கள்.

இன்று இது மண்டி வியாபாரம் போலவே நடக்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து பாஸ்வேர்டுகளை வாரிக்கொண்டு வருபவன் ஒருவன். அதை லாட் லாட்டாக விற்பவன் ஒருவன். வாங்கிச் சில்லறையாகக் கைவரிசை காட்டுபவன் வேறொருவன். ‘நம் சிறு கடையை யார் குறி வைக்கப் போகிறார்கள்’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யாரும் நம்மைக் குறி வைப்பதில்லை. வலையில் விழுந்த மீன்களில் நாமும் ஒன்று, அவ்வளவுதான்.

எது அடையாளம், எது இல்லை

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலே வைரஸ் என்று சொல்லிவிட முடியாது. பத்து வருடப் பழைய ஹார்டு டிஸ்க்கும், உள்ளே அடைந்த தூசியும், இடமில்லாமல் நிரம்பிய டிரைவும் அதே வேலையைச் செய்யும். திரையின் ஓரத்தில் விளம்பரம் துள்ளுவதும் பெரும்பாலும், ஏதோ ஒரு தளம் கேட்டபோது நாம் ‘அனுமதி’ என்று தட்டியதன் பலனாகவே இருக்கும். பிரவுசர் அமைப்பில் போய் அந்த அனுமதியை நீக்கினால் நின்றுவிடும்.

திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்குப் போன் செய்க’ என்று அலறினால் அது வெறும் மிரட்டல். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் கொடுப்பதே இல்லை. பிரவுசரை மூடுங்கள், மூட முடியாவிட்டால் கம்ப்யூட்டரையே நிறுத்துங்கள். அந்த நம்பருக்குப் போன் செய்து, எதிராளி சொல்லும் மென்பொருளை ஏற்றி, நம் திரையை அவன் கையில் கொடுத்தால்தான் உண்மையான ஆபத்து ஆரம்பமாகிறது.

பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. வைரஸ் தடுப்பான் தானாக அணைந்து, போட்டாலும் எழும்பாதது, நாம் ஏற்றாத மென்பொருள் பட்டியலில் இருப்பது, நாம் எழுதாத கடிதம் ‘அனுப்பியவை’யில் கிடப்பது, வேறு ஊரிலிருந்து யாரோ நம் கணக்கில் நுழைந்ததாகத் தகவல் வருவது, கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, எதையும் திறக்க முடியாமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. ஆனால் என் வீட்டில் இந்த அடையாளங்களில் ஒன்றுகூட முன்னதாக என் கண்ணில் படவில்லை.

நம் தொழிலுக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. ‘ஜி.எஸ்.டி. நோட்டீஸ்’, ‘ஆர்டர் விவரம்’, ‘பேமென்ட் ரசீது’ என்று கோப்பு வரும். பார்த்தால் பி.டி.எஃப். போலத் தெரியும். விண்டோஸ் சாதாரணமாகக் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டாமல் மறைத்துவிடும். அந்த மறைந்த பகுதியில் ‘.இஎக்ஸ்இ’ இருந்தால் அது காகிதமல்ல, ஓடும் நிரல். நோட்டீஸ் வந்ததாகக் கடிதம் சொன்னால், அதில் உள்ள எதையும் தொடாமல், ஜி.எஸ்.டி. தளத்துக்கு நாமே போய் நமது கணக்கில் நுழைந்து பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் நமது ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

முதலில் கயிற்றை அறுங்கள்

சந்தேகம் வந்த நிமிடமே வைஃபையை அணைத்து, இன்டர்நெட் ஒயரைப் பிடுங்குங்கள். பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். அதைச் சுத்தம் செய்வது கடைசி வேலை. நம்மில் பலர் தலைகீழாக, முதலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மூன்று நாள் அவரிடம் கொடுத்து வைக்கிறோம். அந்த மூன்று நாளும் நம் பாஸ்வேர்டு திருடன் கையில்தான் இருக்கிறது.

அடுத்த வேலை எல்லாமே வேறு கம்ப்யூட்டரில், அல்லது நம்பகமான செல்போனில். முதலில் ஈமெயில். ஏனென்றால் மற்ற கணக்குகளின் சாவி பெரும்பாலும் அங்கேதான் தொங்குகிறது. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுக்க வேண்டும். திருடன் பாஸ்வேர்டு இல்லாமலே, ஏற்கெனவே திறந்திருக்கும் கதவு வழியாக உள்ளே இருக்கக்கூடும். செல்போனில் உறுதி செய்யும் இரண்டாம் பூட்டையும் போடுங்கள். அதோடு, வரும் கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பவோ ஒளிக்கவோ ஏதாவது விதி போட்டிருக்கிறானா என்று அமைப்புகளில் பாருங்கள். என் வாடிக்கையாளர் ‘பணம் போட்டாயிற்று’ என்று பதில் எழுதியிருந்தார். அது என் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போகும்படி செய்து வைத்திருந்தான். பிறகு பாங்கி, பிறகு ஜி.எஸ்.டி. தளம்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். சைபர் குற்றப் புகாருக்கான மத்திய அரசின் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் கிடந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் சொல்வதற்குள் நான்கு நாள் ஓடி, அந்தக் கணக்கு காலியாகியிருந்தது. நம் பாங்கிக் கணக்கிலிருந்தே பணம் போனால் பாங்கிக்கும் அந்த நிமிடமே தெரிவிக்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நஷ்டம் வந்தால் அவர் பாங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அவர் தலையில், தெரிவித்த பிறகு போவது பாங்கியின் தலையில் என்று வகுத்தது. தகவல் சொன்ன நேரத்தையும், கொடுத்த புகார் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு கம்ப்யூட்டருக்கு வரலாம். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று உண்டு. அது விண்டோஸ் முழுவதுமாக எழும்புவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பவனுக்கு ஒளிய இடம் குறைவு. கால் மணி நேரம் பிடிக்கும். மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’வும் 2017 முதல் இலவசச் சோதனைக் கருவிகள் கொடுத்து வருகிறது. ஆயினும் பாங்கி வேலையும் பேரேடும் நடக்கிற கம்ப்யூட்டர் என்றால், கணக்குக் கோப்புகளை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே என் அபிப்பிராயம். அப்படிப் போடும்போது மெக்கானிக் ‘கிராக்’ காப்பி போட்டால் பட்ட பாடு வீண். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

கோப்புகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் திறப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் டச்சுப் போலீசும் சில பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி உண்டு. எல்லாவற்றுக்கும் இல்லை. அப்போது நம்மைக் காப்பது தனியே எடுத்து வைத்த நகல் ஒன்றுதான்.

நகல் நமக்கு வெறும் முன்ஜாக்கிரதை மட்டுமல்ல. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவு, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. கம்ப்யூட்டர் கணக்குக்கு முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்று 57ஆவது விதி சொல்கிறது. ‘வைரஸ் தின்றுவிட்டது’ என்று அதிகாரியிடம் போய் நிற்க முடியாது.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகள். ஒன்றில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்தில் நகல் எடுக்கிறோம்; மற்றதில் அமாவாசை பூசை அன்று. எடுத்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவோம். செருகியபடியே விட்டால் கம்ப்யூட்டரோடு அதுவும் பூட்டப்படும். மாதம் ஒரு முறை நகலைத் திறந்து, ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பாக்கி சரியாக வருகிறதா என்றும் பார்க்கிறேன். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை எல்லாம் நீக்கி, ஒரு நோட்டில் எழுதி அதே பீரோவில் பூட்டியாயிற்று. தம்பி மகனுக்கு வேறொரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. அதில் அவன் இஷ்டம் போல விளையாடிக்கொள்ளட்டும்.

எங்கள் பில்லின் அடியிலும் ஒரு வரி சேர்த்து அச்சடித்திருக்கிறோம்: “எங்கள் பாங்கிக் கணக்கு மாறினால் நேரில் வந்தோ போனிலோ சொல்வோம், கடிதத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம்.”