சூரியக் காற்றை அளக்கும் உதகை

இரவில் வானத்தை அண்ணாந்து பாருங்கள். விண்மீன்கள் மினுக்கு மினுக்கென்று மின்னுகின்றன. வியாழன் அப்படி மின்னுவதில்லை. ஏன் தெரியுமா?

விண்மீன் நமக்கு வெறும் புள்ளியாகத் தெரிகிறது. அதன் ஒளி, அடர்த்தி கூடியும் குறைந்தும் உள்ள காற்றுத் திட்டுகளின் வழியே வரும்போது சற்றே வளைகிறது. அதனால் கூடியும் குறைந்தும் கண்ணை அடைகிறது. வியாழன் சிறு வட்டம். அதன் பல பகுதிகளிலிருந்து வரும் மினுக்கல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

இதையே திருப்பிச் சிந்தியுங்கள். மினுக்கலை அளந்தால் இடையிலுள்ள பொருளின் அடர்த்தியை அறியலாம் அல்லவா? உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி இதைத்தான் செய்து வந்திருக்கிறது. ஆனால் அது ஆராய்வது பூமியின் காற்றை அன்று, சூரியக் காற்றை!

சூரியனிலிருந்து எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் ஓயாமல் நாலாபுறமும் பாய்கின்றன. இதுவே சூரியக் காற்று. வேகம் வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். 15 கோடி கிலோமீட்டரைக் கடந்து பூமியை அடைய எத்தனை நாள் ஆகும்? கணக்குப் போடுங்கள். நான்கு நாளுக்குச் சற்று அதிகம். அடர்த்தியோ மிகமிகக் குறைவு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு, 25-க்குப் பின் 18 சுழிகள் இட்ட அளவு மூலக்கூறுகள் உள்ளன. பூமிக்கு அருகே சூரியக் காற்றில் அதே அளவு இடத்தில் இருப்பவை ஏறத்தாழ 5 முதல் 10 எலெக்ட்ரான்களே!

இவ்வளவு மெல்லிய காற்று ஒளியை மினுக்கச் செய்யாது. ஆனால் அலைநீளம் மிகுந்த ரேடியோ அலைகளை எலெக்ட்ரான்கள் வளைத்துவிடும். தொலைதூரக் குவாசர்களின் ரேடியோ அலைகள் இப்படி மினுக்குவதை, 1964-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆன்டனி ஹூயிஷும் அவருடைய தோழர்களும் வெளியிட்டனர். திட்டுகளின் அடர்த்தி வேறுபாடு மிகுந்தால் மினுக்கலும் மிகும். அதிலிருந்து காற்றின் அடர்த்தியை மதிப்பிடுகிறார்கள்.

அன்டார்க்டிகாவின் பனித்தட்டுகளிலும் ரேடியோ அலைகளே உதவுகின்றன. ரேடார் அலை, இறுகிய பனிக்கட்டியில் மெதுவாகவும் இளகிய வெண்பனியில் விரைவாகவும் செல்லும். வேகம் தெரிந்தால் அடர்த்தி தெரியும். ஆனால் ரேடார் தானே அலையை அனுப்பி எதிரொலியைப் பெறுகிறது. உதகைத் தொலைநோக்கி எதையும் அனுப்புவதில்லை. குவாசரே அதற்கு விளக்கு!

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் இது கட்டி முடிக்கப்பட்டது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 பாகை. உதகையின் அட்சரேகையும் சுமார் 11 பாகை. எனவே வடக்குத் தெற்காகச் சரிவில் கிடத்திய தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினாலே போதும். ஒரு குவாசரை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். மலையே பொறியாளருக்குக் கைகொடுத்தது!

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். சில வேளைகளில் சூரியன் பெரும் மேகமாகப் பொருளை வீசியெறிகிறது. 1989 மார்ச் 13-இல் அத்தகைய ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாநிலத்தைத் தாக்கியது. சுமார் 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். செயற்கைக் கோள்களுக்கும் இத்தகைய புயல்களால் ஆபத்து உண்டு.

விண்கலத்தின் துகள் அளவி, தான் இருக்கும் இடத்துக் காற்றை மட்டுமே அளக்கும். மினுக்கலோ நெடுவழியையே காட்டும். ஒரு குவாசர் வழக்கத்தைவிட அதிகமாக மினுக்கினால், அந்தத் திசையில் அடர்ந்த மேகம் கடக்கிறது என்று ஊகிக்கலாம். வானமெங்கும் பல குவாசர்களைப் பார்த்தால் மேகத்தின் வடிவமும் போகும் வழியும் புலப்படும். அது பூமியை எட்டுமுன் ஓரிரு நாள் அவகாசம் கிடைத்தால், மின் நிலையங்கள் எச்சரிக்கையாக இருக்கலாம் அல்லவா?

அடுத்த முறை விண்மீன் மினுக்கும்போது, அது என்ன சேதி சொல்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!