டேப்பட் கவரில் ஆயில் கசிவா? பேஸ்ட் பூசும் முன் பிரீதரைப் பாருங்கள்

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடக்கிறது. பெரியாறு தண்ணீர் திறந்துவிட்டால் எல்லா வயல்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொழி அடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு டிராக்டர் படுத்துவிட்டால், வரிசையில் காத்திருக்கும் வயல்களில் எல்லாம் நாற்று முற்றிப்போகும். முதல்போக நடவு தள்ளினால் இரண்டாம் போகமும் தள்ளும்.

சின்னமனூர் பக்கம் நடவு வயல் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். தொழித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. டிராக்டரின் டேப்பட் கவரைச் சுற்றி ஆயில் கசிந்து, அதில் மண் அப்பியிருந்தது. "மூணு தடவை பேக்கிங் மாத்திட்டேன் சார், நிக்க மாட்டேங்குது" என்றார் ஓட்டுநர். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால், ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. நான் உழவியல் படித்தவன், மெக்கானிக் அல்ல. ஆனாலும் பிரீதர் குழாயைக் கழற்றச் சொன்னேன். சேறும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து குழாயின் வாயை அடைத்திருந்தன.

இன்ஜின் ஓடும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே ஆயில் அறைக்குள் இறங்கும். அது வெளியேறும் வழிதான் பிரீதர். வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் ஆயிலை வெளியே தள்ளும். அந்த இடம் பெரும்பாலும் டேப்பட் கவர் பேக்கிங்தான். கேஜ் வீல் வாரி இறைக்கும் சேற்றில் ஓடும் வண்டிக்கு இந்த அடைப்பு சகஜம். குழாயை டீசலில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டுங்கள். அதன் பிறகும் குழாயில் புகை குபுகுபுவென வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம்; அதற்கு பேக்கிங் மருந்தல்ல.

கார்களில் பலவற்றுக்கு கேம் ஷாஃப்ட் தலையிலேயே இருப்பதால் அந்த மூடியை கேம் கவர் என்பார்கள். நம் டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் கேம் கீழே பிளாக்கில் இருக்கும். மேலே ராக்கர்கள் மட்டும்தான். மூடி அடைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

இன்ஜின் ஆறிய பிறகு, கவரைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடையுங்கள். இல்லாவிட்டால் திறந்ததும் மண் உள்ளேதான் விழும். பழைய பேக்கிங்கை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே மறுபடி கசியும். மரச்சீவல் போதும். தகரக் கவராக இருந்தால் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். போல்ட் ஓட்டையைச் சுற்றி உள்வாங்கியிருந்தால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். திறந்த கையோடு டேப்பட் இடைவெளியையும் சரிபார்த்துவிடலாம்.

ரப்பர் பேக்கிங்குக்குப் பொதுவாக பேஸ்ட் வேண்டாம். இரண்டு முகங்களும் எண்ணெய்ப்பசையின்றி உலர்ந்திருந்தால் போதும். பேஸ்ட் போட்டுத்தான் ஆகவேண்டிய வண்டியில் 2 அல்லது 3 மி.மீ. கோடு மட்டும். பலர் பற்பசை போல அப்புகிறார்கள். உள்பக்கம் பிதுங்கும் சிலிக்கான் உதிர்ந்து ஆயில் சல்லடையை அடைத்தால், 2 சொட்டு கசிவை நிறுத்தப் போய் இன்ஜினே பிடித்துவிடும். ஈரமாக இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யவும் கூடாது. டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுக்க வேண்டும்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். இங்கே வலுவைக் காட்டினால் கார்க் பேக்கிங் வெடிக்கும், கவரும் வளையும். எவ்வளவு இறுக்கம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

10 நிமிடம் ஓட்டிவிட்டு, காகிதத்தால் சுற்றிலும் ஒற்றிப் பாருங்கள். மறுநாள் தொழிக்கு இறங்கும் முன் டிப்ஸ்டிக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். துடைத்த ஆயில் துணியை வாய்க்காலில் அலசாதீர்கள். கீழே உள்ளவர் அந்தத் தண்ணீரில்தான் நாற்று நடுகிறார்.