முதல்முறையாக சென்னைக்கு போறீங்களா? பஸ்சை விட்டு இறங்கும்போதே உஷாரா இருங்க

பள்ளிக்கூட லீவு விட்டாச்சுன்னா தென்மாவட்ட கிராமங்களில் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "மெட்ராசுக்கு எப்பம்மா போறோம்?" என்பதுதான். மெரினா, வண்டலூர் பூங்கா, மெட்ரோ ரெயில், தி.நகர் ஜவுளிக்கடை என்று ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். வருஷம் பூரா சீட்டு கட்டி சேர்த்த பணத்தை மடியில் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் ஏராளம். அந்தப் பணம் ஒரே நிமிஷத்தில் அபேஸ் ஆனால் திரும்பி வர டிக்கெட் எடுக்கக்கூட வழி இருக்காது. பணம் போனால் கூட சம்பாதிக்கலாம். கடலில் காலை நனைக்கப் போன பிள்ளை திரும்பாமல் போன குடும்பங்களும் உண்டு.

கோயம்பேடு இல்லை, கிளாம்பாக்கம்

முதல் குழப்பமே பஸ் நிலையத்தில்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் போய் வந்த மாமாவிடம் வழி கேட்டால் "கோயம்பேட்டில் இறங்கு" என்பார். 2023 டிசம்பர் 30-ந்தேதி வண்டலூர் அருகே கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் முனையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு மதுரை, நெல்லை, திருச்சி பக்கம் இருந்து வரும் அரசு விரைவு பஸ்கள் அங்கேயே நின்று விடுகின்றன. அங்கிருந்து கோயம்பேடு சுமார் 30 கிலோமீட்டர். எழும்பூர், மெரினா எல்லாமே கிட்டத்தட்ட அதே தூரம்தான்.

இது தெரியாமல் அதிகாலை 3 மணிக்கு தூக்கக் கலக்கத்தில் இறங்குகிறவர்களைத்தான் சிலர் குறிவைக்கிறார்கள். "எங்க போகணும் சார்? இந்த நேரத்துல பஸ் கிடையாது. வாங்க, நான் விடுறேன்" என்று பையை வாங்கி ஆட்டோவில் வைத்து விடுவார்கள். பை ஏறிய பிறகு பேரம் பேச முடியுமா? கேட்ட தொகையை கொடுத்துத்தான் ஆக வேண்டும். யார் கேட்டாலும் பையை மட்டும் கையில் கொடுக்கக் கூடாது.

மாநகர பஸ்கள் அதே வளாகத்தில் இருந்து புறப்படுகின்றன. பக்கத்திலேயே வண்டலூர் ரெயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மின்சார ரெயில் ஏறினால் தாம்பரம், மாம்பலம், எழும்பூர் வழியாக கடற்கரை வரை சில ரூபாயில் போய் விடலாம். அவசரம் இல்லை என்றால் விடியும் வரை முனையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது நல்லது. வெளிச்சமும் இருக்கும், ஆள் நடமாட்டமும் இருக்கும், போலீசும் இருக்கும். வண்டலூர் பூங்காவும் அந்தப் பக்கம்தான் என்பதால் முதல் நாளே அதை முடித்து விடலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் பூங்காவுக்கு விடுமுறை.

ஆம்னி பஸ்சில் வருகிறவர்கள் எங்கே இறக்கி விடுவார்கள் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ரெயிலில் வருகிறவர்களும் டிக்கெட்டை ஒருமுறை பார்ப்பது நல்லது. தென்மாவட்ட ரெயில்கள் பெரும்பாலும் எழும்பூருக்கும், கோவை, சேலம் பக்கத்து ரெயில்கள் சென்ட்ரலுக்கும் போகும். சில ரெயில்கள் தாம்பரத்தோடு சரி.

ஆட்டோவில் ஏறும் முன்

2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ கிடைப்பது குதிரைக்கொம்புதான். பெட்ரோல் விலை ஏறிய கதையை டிரைவர்களும் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஊருக்குப் புதுசு என்று தெரிந்தால் சிலர் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள். செல்போன் செயலியில் அந்த தூரத்துக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு பேசினால் ஏமாற வேண்டியதில்லை.

செயலியில் வண்டி பிடித்தால், வந்து நிற்கும் வண்டியின் நம்பரும் போனில் காட்டும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். அந்த நாலு இலக்க ஓ.டி.பி.யை வண்டியில் ஏறிய பிறகு சொன்னால் போதும். வங்கியில் இருந்து வரும் ஓ.டி.பி. வேறு. அதை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ரங்கநாதன் தெருவில் கைவரிசை

தி.நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. பின்னால் வருகிற கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த நெரிசல்தான் ஜேப்படி ஆசாமிகளுக்கு வசதி. பேண்ட் பின்பாக்கெட்டில் பர்ஸ், முதுகில் தொங்கும் பையில் செல்போன், இரண்டுமே வேண்டாம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பணத்தை வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா என்று இரண்டு பேரிடம் பிரித்து வைத்தால், ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். மாம்பலம் ரெயில் நிலையத்தில் இருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை இருக்கிறது. வயதானவர்களோடு வருகிறவர்கள் நெரிசலில் இடிபடாமல் அதில் போய் விடலாம்.

திருட்டு ஆசாமிகள் வைத்திருக்கும் நூதன முறைகளை தெரிந்து வைத்தாலே பாதி தப்பித்த மாதிரி. ஒருவன் பத்து ரூபாய் நோட்டுகளை கீழே போட்டு விட்டு, "அண்ணே, உங்க பணம் விழுந்து கிடக்கு" என்பான். குனிந்து எடுத்து நிமிர்ந்தால் பக்கத்தில் வைத்த பை இருக்காது. இன்னொருவன் சட்டையில் அசிங்கம் பட்டிருக்கிறது என்பான். தண்ணீர் கொடுத்து கழுவவும் உதவுவான். அவன் கூட்டாளி அதற்குள் பையோடு நடந்திருப்பான்.

இதில் பொல்லாத முறை ஒன்று உண்டு. டிப்-டாப்பாக உடை அணிந்த இருவர் வயதான பெண்களிடம் வந்து, "நாங்க போலீஸ். அங்கே ஒரு கொலை நடந்திருக்கு. இவ்வளவு நகையை போட்டுக்கிட்டு போறீங்களே, கழற்றி பையில வைங்க" என்பார்கள். அவர்களே நகையை வாங்கி பேப்பரில் மடித்தும் தருவார்கள். லாட்ஜுக்கு போய் பிரித்துப் பார்த்தால் உள்ளே கல்தான் இருக்கும். நடுரோட்டில் நகையை கழற்றித் தரச் சொல்வது போலீஸ் வேலை இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் பக்கத்து கடைக்குள் நுழைந்து 100-க்கு போன் போடுங்கள்.

நகையை ஊரிலேயே விட்டு வருவது உத்தமம். 2025 மார்ச் 25-ந்தேதி காலையில் சென்னையில் அடுத்தடுத்து பல இடங்களில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பெண்களிடம் நகையை பறித்தனர். விமானத்தில் தப்ப முயன்றபோது விமான நிலையத்திலேயே சிக்கினார்கள். எல்லா திருடனும் அன்றைக்கே மாட்டுவான் என்று சொல்ல முடியாது. ரோட்டோரம் நடக்கும்போது பெண்களை உள்பக்கம் நடக்க விடுங்கள். தாலிச் சங்கிலியை சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வது பாட்டிமார் காலத்து பழக்கம்தான். இப்போதும் அது உதவும்.

மெரினா: கால் நனைப்பதே ஆபத்து

பணம், நகையை விட இதுதான் முக்கியம். மெரினாவில் கடலில் குளிக்க தடை இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் கிணற்றிலும் கண்மாயிலும் நீச்சல் அடித்தவர்கள். "எனக்கா நீச்சல் தெரியாது?" என்று இறங்கி விடுவார்கள். கடல் கணக்கு வேறு. கரையில் இருந்து சில அடி தள்ளியே தரை திடீரென்று பள்ளமாகிறது. முழங்கால் அளவு தண்ணீர் அடுத்த அடியில் இடுப்புக்கு மேல் வந்து விடும். கரைக்கு வந்த அலைத்தண்ணீர் திரும்பும்போது ஒரு குறுகிய பாதை வழியாக வேகமாக கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். பார்க்க அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாக இருக்கும். அதை நம்பி அங்கேதான் பலர் இறங்குகிறார்கள்.

அப்படி இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. நல்ல நீச்சல்காரனும் களைத்துப் போவான். கரைக்கு இணையாக பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகே கரைக்கு திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்தி சத்தம் போட வேண்டும். ஒருவரை இழுத்தால் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று ஒரே குடும்பத்தில் பலர் சாவது இப்படித்தான். தெரியாதவர்கள் தண்ணீரில் இறங்காமல் துப்பட்டா, கயிறு, காலி பிளாஸ்டிக் கேன் என கையில் கிடைத்ததை வீசிவிட்டு, கரையில் இருக்கும் மீனவர்களையும் போலீசையும் கூப்பிட வேண்டும்.

கூட்டமும் கடலைப் போலத்தான். 2024 அக்டோபர் 6-ந்தேதி மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சிக்கு லட்சக்கணக்கானோர் திரண்டனர். சுட்டெரிக்கும் வெயில், தண்ணீர் தட்டுப்பாடு, திரும்ப வழி இல்லாத நெரிசல். 5 பேர் உயிரிழந்தனர். காணும் பொங்கல் போன்ற நாட்களில் மெரினாவுக்கு போவதாக இருந்தால் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், தலைக்குத் துண்டு அவசியம். கூட்டம் கலையும் முன்பே கிளம்பி விடுங்கள்.

காணும் பொங்கலுக்கு போலீசாரே குழந்தைகள் கையில் பெற்றோர் செல்போன் நம்பர் எழுதிய பட்டை கட்டி விடுகிறார்கள். மற்ற நாட்களில் அதை நாமே செய்யலாம். ஒரு துண்டு காகிதத்தில் நம்பர் எழுதி பிள்ளையின் சட்டைப்பையில் வைத்தால் போதும். "காணாமல் போனா இந்த இடத்துக்கு வா" என்று உழைப்பாளர் சிலை மாதிரி ஒரு அடையாளத்தையும் காட்டி வையுங்கள். குழந்தை கிடைக்காவிட்டால் 1098, போலீசுக்கு 100 அல்லது 112, ஆம்புலன்சுக்கு 108.

பறிகொடுத்து விட்டால்

லாட்ஜ் அறை போனில் பிடிக்கும்போது, இணையத்தில் கிடைத்த நம்பருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். எழும்பூர், பெரியமேடு, திருவல்லிக்கேணியில் நேரில் பார்த்தே அறை எடுக்கலாம். ஆதார் அட்டை அவசியம். பணம் வர வேண்டும் என்றால் கியூஆர் கோடு ஸ்கேன் செய்யவோ, ரகசிய எண் போடவோ தேவையே இல்லை. அப்படி யாராவது சொன்னால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

செல்போனில் \*#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை ஊரில் கிளம்பும் முன்பே ஒரு நோட்டில் எழுதி வைத்து விடுங்கள். போன் திருடு போனால் அந்த எண்ணை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். ரெயிலில் திருடு போனால் 139. ஓடும் ரெயிலிலேயே டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லலாம்.

ஸ்டேஷனுக்கு போனால் "இது எங்க எல்லை இல்லை" என்று சொல்லி அனுப்பி விடுவார்களோ என்று பயந்தே பலர் புகார் கொடுக்காமல் ஊருக்கு திரும்பி விடுகிறார்கள். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறை சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகவே தர வேண்டும்.

திரும்பும்போதும் பஸ் கிளாம்பாக்கத்தில் இருந்துதான் என்பதை மறந்து விட்டு, இரவு 9 மணி பஸ்சுக்கு 8 மணி வரை தி.நகரில் துணி எடுத்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. சாயந்திர நெரிசலில் அங்கிருந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகலாம். மாம்பலத்தில் மின்சார ரெயில் பிடித்து வண்டலூரில் இறங்கினால் டிராபிக் தொல்லை கிடையாது.