பாலத்துக்குக் கடன் வாங்கலாமா?

ஜெர்மனியில் லூடன்ஷைட் என்ற ஊரையொட்டி, ஒரு பள்ளத்தாக்கின் மேல் நின்றது ராமேடே பாலம். 1960-களில் கட்டியது. 2021 டிசம்பரில் அதன் உருக்கு உடம்பில் பழுது தெரிந்ததும் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஏ45 நெடுஞ்சாலையில் போன லாரிகளெல்லாம் ஊருக்குள் புகுந்தன. 2023 மே மாதம் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாலத்தின் வயது, லாரிகளின் எடை எனக் காரணங்கள் பல. ஆனால் நாடெங்கும் பழைய பாலங்கள் காத்துக் கிடந்த அதே காலத்தில், 2014 முதல் 2019 வரை, புதுக்கடன் வாங்காத பட்ஜெட்டை அரசு சாதனையாகக் கொண்டாடியது.

2008 டிசம்பரில், நிதி நெருக்கடியின் நடுவே, சுவாபியா வட்டாரத்து இல்லத்தரசியை உதாரணம் காட்டினார் அன்றைய பிரதமர் அங்கேலா மெர்கல்: வரவை மீறி வாழ முடியாதென்பது அவளுக்குத் தெரியும் என்றார். மறு ஆண்டே அரசியல் சாசனத்தில் 'கடன் பிரேக்' ஏறியது. சாதாரண காலத்தில் மத்திய அரசின் ஆண்டுப் புதுக்கடன் மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மாநிலங்களுக்கு 2025 வரை அதுவும் இருக்கவில்லை.

அந்த இல்லத்தரசியை மெர்கல் பாதிதான் பார்த்தார். கொஞ்சம் சேமித்து, மீதிக்குக் கடன் வாங்கி வீடு கட்ட உதவும் சங்கங்கள் ஜெர்மனியில் வேர்விட்டதே அவள் ஊர்ப்பக்கம், வூஸ்டன்ரோட்டில், 1920-களில். சாப்பாட்டுக்குக் கடன் வாங்காதவள் கூரைக்கு வாங்கினாள்.

இந்த வேறுபாட்டைச் சட்டம் அறியாமலில்லை. முதலீட்டுச் செலவு அளவுக்குக் கடன் வாங்கலாம் என்றுதான் 1969 முதல் விதி இருந்தது. தேய்மானத்தைக் கழிக்காமல் எல்லாவற்றையும் முதலீடு என்று எழுதினார்கள்; விதிவிலக்கைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள்; கடன் குவிந்தது. முதலீடு எது என்பதை இறுக்கி எழுதியிருக்க வேண்டும். மாறாக, கடன் பிரேக்கால் வேறுபாட்டையே அழித்தது பெரும் பிழை என்பேன்.

நெருக்கடி வந்தபோது குறுக்குவழி தேடினார்கள். கொரோனாவுக்கென ஒதுக்கிய கடன் உரிமையில் 6,000 கோடி யூரோவைப் பருவநிலை நிதிக்கு மாற்றியதை 2023 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாததாக்கியது. அடுத்த நவம்பரில், கடன் பிரேக் தகராறிலேயே, பிரதமர் ஷோல்ஸ் நிதியமைச்சர் லிண்ட்னரை நீக்க, கூட்டணி உடைந்தது.

2025 மார்ச்சில் சாசனத்தைத் திருத்தினார்கள். பாதுகாப்புச் செலவுக்குத் தளர்வு. கட்டமைப்புக்கு, 12 ஆண்டுகளில் செலவிட, 50,000 கோடி யூரோ தனிக்கடன். வழக்கமான பட்ஜெட்டிலிருந்தும் முதலீட்டுக்குப் போதிய பங்கு போக வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. மத்திய அரசுக்கு அந்த அளவுகோல் 10 சதவீதம். பழைய செலவைப் புதுக்கணக்கில் ஏற்றி இதையும் கரைத்துவிடாமல் ஜெர்மானியர் ஆண்டுதோறும் பிடித்து நிறுத்த வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.