சுழலும் சாக்கெட்டும் சூடாகும் இணைப்பும்

ஆறு சாக்கெட் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்குகிறோம். மோடம் அடாப்டரையும் செட்டாப் பாக்ஸ் அடாப்டரையும் செருகினதும் மிச்சம் நாலு காலியாத்தான் இருக்கு. ஆனா அதுல ரெண்டில் எதையும் செருக முடியாது. பக்கத்து ஆள் காலை அகட்டி உட்கார்ந்திருக்கும் பஸ் சீட் மாதிரி.

ஒவ்வொரு சாக்கெட்டும் தனித்தனியாகச் சுழன்றால் என்ன? கூடுதலாக ஒன்று தேவைப்பட்டால் லெகோ கட்டை போல ஓரத்தில் மாட்டிக்கொள்ள முடிந்தால்? கொஞ்ச நாளாக ஓய்வு நேரத்தில் இதை வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் படித்தது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், பார்ப்பது மென்பொருள் வேலை. இதற்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் பள்ளிக்கூட இயற்பியல்தான்.

யோசனை புதுசு இல்லை. 2011-ல் குவர்க்கி நிறுவனம் விற்ற பிவட் பவர் ரொம்பப் பிரபலம். ஜேக் ஜீன் என்ற மாணவரின் யோசனை அது. அதில் சாக்கெட் சுழலாது, பெட்டியே பாம்பு மாதிரி வளையும். வளைவின் வெளிப்பக்கத்தில் இடைவெளி கூடும். அமெரிக்காவிலேயே 360 எலக்ட்ரிக்கல் என்ற நிறுவனம் நிஜமாகவே சுழலும் சாக்கெட்டுகளை விற்கிறது.

முதல் கேள்வி: சுழற்றினால் பிரச்சினை தீருமா? வீட்டில் இருந்த அடாப்டர்களை ஸ்கேல் வைத்து அளந்தேன். பெரும்பாலானவை 42 முதல் 52 மி.மீ. அகலம். பெட்டியில் ஒரு சாக்கெட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 40 மி.மீ. நீளமான அடாப்டர் படுத்துக்கிடந்தால் 90 டிகிரி திருப்பி நிமிர்த்தலாம், அது லாபம். ஆனால் 50 மி.மீ. சதுர அடாப்டரை எப்படித் திருப்பினாலும் 50 மி.மீ.தான், 45 டிகிரியில் நிறுத்தினால் மூலைக்கு மூலை 70 மி.மீ. ஆகி நிலைமை இன்னும் மோசம். பின்கள் ஓரமாக இருந்து உடம்பு ஒரு பக்கம் நீண்டிருக்கும் அடாப்டருக்குத்தான் சுழற்சி கைகொடுக்கும். மற்றதற்கெல்லாம் தேவை இடைவெளி. பாதிப் பிரச்சினை இங்கேயே கழன்றுவிடுகிறது.

சரி, சுழற்றியே ஆகணும்னா எப்படி? முழு வட்டமும் சுற்ற வேண்டுமென்றால் உள்ளே ஒயர் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஒரே மையத்தில் மூன்று பித்தளை வளையங்கள் வைத்து, அவற்றின் மேல் ஸ்பிரிங் தகடுகள் உரசிக்கொண்டே போகும்படி செய்ய வேண்டும். லோடு ஓடும்போது திருப்பினால் தகடு ஒரு நொடி எழும்பலாம், பொறி பறக்கலாம். பொறி பறந்த இடம் கருத்துக் குழி விழும். ஆனா முழு வட்டம் யாருக்கு வேணும்? இந்தப் பக்கம் 90, அந்தப் பக்கம் 90, நடுவில் ஒரு தடுப்பு. அவ்வளவு போதும். பல இழை உள்ள மெல்லிய ஒயர் அந்த அளவு முறுக்கைத் தாங்கும். கார் கதவுக்குள் போகும் ஒயர் தினமும் வளைந்து நிமிர்கிறது, வருஷக்கணக்காக உழைக்கிறது. இதில் உரசும் இணைப்பே கிடையாது என்பதுதான் முக்கியம்.

உண்மையான சிக்கல் மாட்டிக் கழற்றும் மாட்யூலில் இருக்கிறது. நான் முதலில் வரைந்தது ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் அமைப்பு. பார்க்க அழகு. கணக்குப் போட்டால் வேறு கதை.

ஐந்து மாட்யூல், ஒவ்வொன்றிலும் 2 ஆம்பியர் லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இணைப்பில் ஓடுவது 2 ஆம்பியர். முதல் இணைப்பில் ஐந்தின் லோடும் சேர்ந்து 10 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் ஐந்து மடங்கு என்றால் வெப்பம் 25 மடங்கு. புது இணைப்பின் மின்தடை 10 மில்லி ஓம் என்று கொண்டால், 10 ஆம்பியரில் ஒரு தொடுமுனைக்கு 1 வாட். பரவாயில்லை. தூசி, ஈரம், தளர்ச்சி எல்லாம் சேர்ந்து அது 50 மில்லி ஓம் ஆனால் 5 வாட். பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று, ஆக மொத்தம் 10 வாட். 9 வாட் எல்.இ.டி. பல்பை எரியவிட்டு அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். இங்கே அதே சூடு கட்டைவிரல் அளவு மூடிய பிளாஸ்டிக்குக்குள்.

அது அதோடு நிற்பதும் இல்லை. சூட்டில் ஸ்பிரிங் தகட்டின் பிடி தளரும். பிடி தளர்ந்தால் மின்தடை கூடும். மின்தடை கூடினால் சூடு இன்னும் கூடும். 10 ஆம்பியர் என்பது பிரேக்கரின் கண்ணுக்கு நியாயமான லோடு, அதனால் அது விழவே விழாது. பெட்டி மட்டும் சோபாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் உருகிக்கொண்டிருக்கும். எல்லா வகை பின்னும் நுழையும் அந்த 'யுனிவர்சல்' துளைகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததும் இதனால்தான். உருண்டை, தட்டை எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் தகடு எதையும் முழுசாகப் பிடிப்பதில்லை.

இதற்கு விடை கிடைத்தது நெட்வொர்க் பாடத்திலிருந்து. சங்கிலியை விட்டுவிட்டு நட்சத்திரம். நடுவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஐந்து குட்டிக் கேபிள்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரே ஒரு சாக்கெட். கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றலாம், மாட்டலாம். இப்போது ஒவ்வொரு இணைப்பும் தன் லோடை மட்டும்தான் சுமக்கிறது. அதே பழசான 50 மில்லி ஓம், 2 ஆம்பியரில் வெறும் 0.2 வாட். 10 ஆம்பியர் ஓடுவது பெட்டிக்குள் நிரந்தரமாக முறுக்கி இறுக்கிய ஸ்குரூ முனைகளில் மட்டுமே. இதில் வேடிக்கை, சாக்கெட்டைச் சுழற்ற வேண்டிய தேவையே போய்விட்டது. 15 செ.மீ. கேபிள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும், அடாப்டர் எவ்வளவு குண்டாக இருந்தாலும் யாரையும் இடிக்காது. கழற்ற முடியாத கேபிள்களோடு இதே உருவம் அமெரிக்கக் கடைகளில் ஏற்கெனவே வந்ததுதான். பேரு பவர் ஸ்க்விட், அதாவது கணவாய் மீன்!

பார்வைக்கு அலங்கோலமாக இருக்கும் என்று வீட்டில் ஏற்கெனவே தீர்ப்பு வந்தாச்சு. எனக்கு ஆட்சேபணை இல்லை.

மிச்சமிருப்பது மாட்டும் முனையின் வடிவம். பெட்டிப் பக்கம் துளையாகவும் கேபிள் பக்கம் பின்னாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் கேபிளைக் கழற்றிய இடத்தில் கரண்ட் உள்ள பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துளைக்கும் ஷட்டர் வேண்டும், குழந்தை விரல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எர்த் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும். நம்ம ஊர் மூணு பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது இதற்குத்தான்: 6 ஆம்பியர் பிளக்கில் மற்ற இரண்டும் சுமார் 15 மி.மீ., எர்த் சுமார் 20.6 மி.மீ. கேபிளை யாராவது இழுத்தால் ஸ்குரூ முனைக்கு இழுவை போகாதபடி ஒரு கிளாம்ப்பும் வேண்டும். பெட்டிக்குள் 10 ஆம்பியர் எம்.சி.பி., சுவருக்குப் போகும் ஒயர் 1.5 சதுர மி.மீ., நுனியில் 16 ஆம்பியர் பிளக். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கும், 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது அதிகம். அதனால் கெட்டிலும் ஹீட்டரும் சுவர் சாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

இப்போதைக்கு உருவத்தை மட்டும் 3டி பிரிண்ட் எடுத்து, ஒயர் இல்லாமல் மேஜை மேல் வைத்திருக்கிறேன். அந்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். 230 வோல்ட்டை அதுக்குள்ள விடுறதா இல்லை. நிஜப் பெட்டிக்குத் தீப்பிடிக்காத ரக பாலிகார்பனேட் உறையாகத் தேடணும்.