பல்கலைக்கழக முதலாண்டு: ‘சி பிளஸ்’ வாங்கிவிட்டால் என்ன ஆகும்?

டிசம்பர் மாதம். காலையிலேயே கைப்பேசியில் தேர்வு முடிவு வந்துவிட்டது. ஐந்து பாடங்கள். நான்கில் ‘பி பிளஸ்’. ஒன்றில் ‘சி பிளஸ்’.

தொடக்கக்கல்லூரி வரை ‘சி’ என்ற எழுத்தையே என் சான்றிதழில் பார்த்ததில்லை. அப்பா பசியாறிக்கொண்டிருந்தார். “என்னம்மா, ரிசல்ட் வந்துடுச்சா?” என்றார். “ம்... ஓகேதான்பா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே உட்கார்ந்து மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். முதல் பருவத்திலேயே இப்படி என்றால் நான்கு ஆண்டும் போச்சு, நல்ல வேலை போச்சு, எல்லாம் போச்சு. அந்தக் கணக்கு முழுக்கத் தப்பு. ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகத்தில் காலடி எடுத்துவைப்பவர்கள் சரியான கணக்கை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு பாடம் எவ்வளவு இழுக்கும்?

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக முறையையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஜிபிஏ எனும் சராசரிப் புள்ளி 5-க்குக் கணக்கிடப்படுகிறது. ‘ஏ பிளஸ்’, ‘ஏ’ இரண்டுக்குமே 5 புள்ளி. ‘ஏ மைனஸ்’ 4.5, ‘பி பிளஸ்’ 4, ‘பி’ 3.5, ‘சி பிளஸ்’ 2.5. (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் 4-க்குக் கணக்கு. அதனால் இரண்டு பல்கலைக்கழக நண்பர்கள் எண்களை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.)

நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 160 யூனிட். பெரும்பாலான பாடங்கள் 4 யூனிட். அதாவது ஒரு பாடம் என்பது பட்டத்தில் நாற்பதில் ஒரு பங்கு.

நான்கு ‘பி பிளஸ்’, ஒரு ‘சி பிளஸ்’ என்றால் முதல் பருவத்தின் சராசரி 3.7. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மீதமுள்ள 35 பாடங்களிலும் ‘பி பிளஸ்’ மட்டுமே வாங்கினாலும் இறுதியில் 3.96 வரும். பின்னால் எங்காவது ஒரு ‘பி பிளஸ்’க்குப் பதில் ‘ஏ’, இன்னொன்றில் ‘ஏ மைனஸ்’ கிடைத்தால் சரியாக 4-ஐத் தொட்டுவிடலாம். அந்த ‘சி பிளஸ்’ தோண்டிய குழியை மூட அவ்வளவுதான் தேவை.

இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் போட்டது மார்ச் மாதத்தில்!

எஸ்/யூ: கூச்சப்பட்டால் நஷ்டம்

பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுவது எளிதல்ல என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். அதற்காக இருப்பதுதான் ‘எஸ்/யூ’ ஏற்பாடு. ஒரு பாடத்தின் தரநிலையை மறைத்து, ‘திருப்தி’ அல்லது ‘திருப்தியில்லை’ என்று மட்டும் பதிவுசெய்துகொள்ளலாம். அந்தப் பாடம் ஜிபிஏ கணக்கில் சேராது.

தேசியப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் 32 யூனிட் வரை இதைப் பயன்படுத்த முடியும். தேர்வு முடிவைப் பார்த்த பிறகே முடிவெடுக்கலாம் என்பதுதான் இதில் பெரிய வசதி. ஆனால் அதற்குச் சில நாள்தான் அவகாசம். மற்றப் பல்கலைக்கழகங்களில் விதிகள் வேறு. ஒரே பல்கலைக்கழகத்திலும் நீங்கள் சேரும் ஆண்டைப் பொறுத்து மாறலாம். சீனியர் சொன்னார் என்று நம்பிவிடாமல், உங்கள் ஆண்டுக்கான விதியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ‘எஸ்’ கிடைக்கக் குறைந்தது ‘சி’ வாங்கியிருக்க வேண்டும். ‘டி’ என்பது தேர்ச்சிதான், யூனிட்டும் கிடைக்கும். ஆனால் ‘டி’ வாங்கிய பாடத்துக்கு எஸ்/யூ-வைப் பயன்படுத்தினால் அது ‘யூ’ ஆகிவிடும், கையில் இருந்த யூனிட்டும் போய்விடும். பதற்றத்தில் பட்டனை அழுத்துமுன் இதைச் சரிபார்க்கவேண்டும். எல்லாப் பாடங்களுக்கும் இந்த வசதி கிடையாது என்பதையும் மறக்கவேண்டாம்.

என் கதை வேறு மாதிரி. எஸ்/யூ போட்டால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி இருக்குமே என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டிருந்த அந்த நான்கு நாளில் அவகாசம் முடிந்துவிட்டது. என் மதிப்பெண் பட்டியலில் அந்த ‘சி பிளஸ்’ இன்றும் இருக்கிறது.

காலியாகத் தெரியும் நேரம் காலி இல்லை

சரி, அந்த ‘சி பிளஸ்’ எப்படி வந்தது?

முதல் வாரம் கால அட்டவணையைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பே இல்லை. வியாழக்கிழமை பிற்பகல் ஃப்ரீ. தொடக்கக்கல்லூரியில் காலை ஏழரையிலிருந்து மாலைவரை அடைபட்டுக் கிடந்தவளுக்கு இது சொர்க்கம். காலியான இடங்களில் எல்லாம் துணைப்பாட வகுப்புகளை நிரப்பினேன். மூன்று பிள்ளைகளுக்குக் கணக்கு, ஒரு பிள்ளைக்குத் தமிழ். கைச்செலவுக்கு வீட்டில் கேட்கவேண்டியதில்லை என்று பெருமை வேறு.

யூனிட் என்றால் என்ன என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. தேசியப் பல்கலைக்கழகக் கணக்குப்படி 1 யூனிட்டுக்கு வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு. 4 யூனிட் பாடத்துக்கு 10 மணி நேரம். அதில் வகுப்பில் உட்காருவது பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம்தான். மிச்சம் ஆறு மணி நேரம் அட்டவணையில் எங்கும் தெரியாது. ஒரு பருவத்தில் 20 யூனிட் எடுத்தால் வாரத்துக்கு 50 மணி நேரம். முழுநேர வேலையைவிடக் கூடுதல்!

13 வாரம் கற்பித்தல். ஆறாம் வாரம் முடிந்ததும் இடையில் ஒரு வாரம் ஓய்வு. பெயர்தான் ஓய்வு. பின்தங்கிய பாடங்களைப் பிடிக்கவும், அதற்கடுத்து வரும் பருவ நடுத் தேர்வுகளுக்குப் படிக்கவுமே அது சரியாகிவிடும். அந்த வாரத்தில் நான் பினாங்குக்குப் போய்விட்டு வந்தேன். சாப்பாடு பிரமாதம். பாடம்தான் பிறகு தொண்டையில் சிக்கியது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் இருக்கிறது. தீபாவளி அக்டோபர் பிற்பகுதியிலோ நவம்பரிலோ வரும். குழு அறிக்கைகளும் படைப்புகளும் வரிசை கட்டி நிற்கும் நேரம் அது. பொது விடுமுறை ஒரு நாள்தான். வேற்று இன நண்பர்கள் உங்கள் பண்டிகைத் தேதியை ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கமுடியாது. இரண்டாம் வாரமே குழுவில் சொல்லிவிடுங்கள்: “அன்றைக்கும் முதல் நாளும் என்னால் முடியாது, என் பங்கை முன்னாடியே கொடுத்துடுறேன்.” சொன்னால் புரிந்துகொள்வார்கள். முறுக்கு கொண்டுபோனால் இன்னும் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

யார் முன்னால், யார் பின்னால்?

முதல் நாள் வகுப்பில் எல்லாருமே நம்மைவிடக் கெட்டிக்காரர்களாகத் தெரிவார்கள். உண்மையில் ஆளுக்கு ஆள் தொடங்கும் இடம் வேறு.

தேசியச் சேவையை முடித்துவிட்டு வரும் ஆண்கள் இரண்டு ஆண்டு புத்தகத்தைத் தொட்டிருக்கமாட்டார்கள். என் வகுப்பில் ஒருவர் நுண்கணிதச் சூத்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, “இதைப் பார்த்த ஞாபகம் இருக்கு, பேர்தான் வரலை” என்றார். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கு அறிக்கை எழுதுவதும் முன்னால் நின்று பேசுவதும் கைவந்த கலை, சிலருக்குத் தேர்வுக் கணிதம் தடுக்கும். தொடக்கக்கல்லூரிக்காரர்களுக்குத் தேர்வு பழக்கம், நான்கு பேர் சேர்ந்து ஒரு வேலையை முடிப்பதில் திண்டாட்டம். நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பதிலுக்கு, அறிக்கையை எப்படிப் பிரித்து எழுதுவது என்று ஒரு தோழி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். லாபம் எனக்குத்தான்.

விரிவுரையாளர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் யாரும் போகமாட்டார்கள். “எனக்கு எதுவும் புரியலை” என்று போனால் அவராலும் உதவமுடியாது. “மூன்றாவது கேள்வியில் இந்த வரிவரைக்கும் புரியுது, அடுத்தது எப்படி வருது?” என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்குப் பாடத்துக்குப் பாடம் பதில் வேறு. 2025 ஜூனில், கட்டுரைக்கு அதைப் பயன்படுத்தியதாக நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் மீது எழுந்த குற்றச்சாட்டு பரவலாகப் பேசப்பட்டது. எழுதிய வரைவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். கட்டுரை உங்களுடையது என்று காட்ட அவை உதவும்.

அப்பாவின் சேமநிதி இலவசம் இல்லை

கல்விக் கட்டணத்தைப் பற்றி வீட்டில் பேசவே பலர் தயங்குகிறார்கள். “அப்பாவோட சிபிஎஃப்-ல கட்டிக்கலாம்” என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

அது கடன். மத்திய சேமநிதியிலிருந்து பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி சேரத் தொடங்கும். சாதாரணக் கணக்கின் விகிதம், அதாவது ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. படிப்பு முடிந்து ஓராண்டில் நீங்கள் ரொக்கமாகத் திருப்பிக் கட்டத் தொடங்கவேண்டும். அந்தப் பணம் அப்பாவின் ஓய்வுக்காலத்துக்கு உரியது.

கல்விக் கட்டணக் கடன் வேறு வகை. சிங்கப்பூரர்கள், மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடுவரை பெறலாம். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. ஆனால் உத்தரவாதம் தர ஒருவர் வேண்டும்.

இரண்டுக்கும் முன்னால் பார்க்கவேண்டியது உதவித்தொகை. கல்வி அமைச்சின் உதவித்தொகைக்குக் குடும்பத்தின் தலா வருமானத்தைப் பார்ப்பார்கள். மொத்த வருமானத்தை வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகை அது. தாத்தா, பாட்டி உங்களோடு ஒரே வீட்டில் இருந்தால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள். “நமக்கெல்லாம் கிடைக்காது” என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். சிண்டாவிலும் விசாரியுங்கள்.

தமிழும் நீங்களும்

தொடக்கக்கல்லூரியில் தாய்மொழித் தேர்வு முடிந்ததோடு பலருக்குத் தமிழ் வகுப்பும் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு மதிப்பெண்ணே இல்லாமல் தமிழைத் தேடிப் போகும் முதல் இடம் பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள்தாம். தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் ‘சங்கே முழங்கு’ மேடை நாடகம் அப்படித்தான் மாணவர்கள் கையில் உருவாகிறது. போய்ச் சேருங்கள். ஆனால் ஒத்திகை நேரத்தையும் அந்த 50 மணி நேரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மனம் ரொம்பக் கனத்தால் பல்கலைக்கழகத்திலேயே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையோ, 1767 என்ற எஸ்ஓஎஸ் அமைப்பின் எண்ணையோ எந்நேரமும் அழைக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை, ஐந்தாம் நாள் காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். “ஒரு பாடத்துல சி பிளஸ்பா.”

அவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். “சி பிளஸ்னா ஃபெயிலா?”

“இல்லப்பா. பாஸ்தான்.”

“அப்புறம் எதுக்கு நாலு நாளா ஒழுங்கா சாப்பிடாம இருந்தே? உட்காரு. இன்னொரு பரோட்டா இருக்கு.”