பப்பாளி வளையப்புள்ளி நோயும் நிவாரணமும்

ஹவாய்த் தீவில் பப்பாளி பெரும்பாலும் பயிரான பூனா ஜில்லாவில், 1992-ஆம் வருஷம் வளையப்புள்ளி நோய் தோன்றிற்று. செடிப்பேன்கள் பரப்பும் இந்த வைரஸ் பற்றிய மரத்துக்கு மருந்தில்லை. வெட்டி அழித்தலே வழி. குடியானவர் பலர் தோட்டங்களைக் கைவிட்டனர்.

கார்னெல் ஸர்வகலாசாலையைச் சேர்ந்த டென்னிஸ் கான்ஸால்வஸ் என்பவர், இவ்வாபத்தை எதிர்நோக்கி, 1980-களிலேயே சகாக்களுடன் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். அவர்களுள் ஒருவரான மோரீன் பிட்ச் அம்மையார் பப்பாளியின் இளங்கருத் திசுவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊட்டமளித்து வளர்த்தார். வைரஸின் மேலுறைப் புரதத்துக்குரிய ஜீனை நுண்ணிய உலோகத் துகள்களிற் பூசி, அத்திசுவினுட் பாய்ச்சினர். ஜீன் ஏறிய திசுவினின்றும் முழுச் செடிகள் உண்டாயின. அந்த ஜீனின் நகலை இனங்கண்டு அழிக்கும் சக்தி செடிக்கு ஏற்பட்டதால், பின்னர் நுழைந்த வைரஸும் பெருகவில்லை. கிருமியின் கூறே கிருமிக்குப் பகையாயிற்று.

1998-இல் 'ஸன்அப்', 'ரெயின்போ' என்னும் இரு ரகங்களின் விதைகள் குடியானவர்க்கு வழங்கப்பட்டன. ரெயின்போ கலப்பு ரகம். அதன் பழத்து விதையையே மறுபடி நட்டால், நாலில் ஒரு கன்றேனும் எதிர்ப்புச் சக்தியின்றி முளைக்கும். விதைச் செலவில் சிக்கனம் இங்கே நஷ்டமே. மேலும், ஹவாய் வைரஸை வென்ற இவ்விரு ரகங்களும் தாய்லாந்து வைரஸுக்கு இடங்கொடுத்துவிட்டன. ஆகவே பிறநாட்டார் இவ்விதையைத் தருவித்து நடுவதைவிட, தத்தம் நாட்டு வைரஸின் ஜீனைக்கொண்டு புது ரகம் காண முயல்வதே தக்கது.